ஆறு மணி வண்டியும் ஒரு ஃபயரிங் பின்னும்

கண்ணு,

சங்கத்துப் பசங்க வீட்டுக்கு வந்து, விழா மலருக்கு ஒரு பக்கம் எழுதிக் குடுங்கன்னு கேட்டுட்டுப் போயிருக்காங்க. "பொண்ணைப் பத்தி அப்பா நாலு வார்த்தை, அவ்ளோதாண்ணே"ன்னாங்க. நாலு வார்த்தையில அடங்குற பொண்ணையா நான் பெத்து வச்சிருக்கேன்? ஞாயித்துக்கிழமை நீ டெல்லி ஷூட்டிங் கேம்புக்குக் கிளம்புற. சனிக்கிழமை உன்ன மேடை ஏத்தி இந்த மலரை வெளியிடப் போறாங்களாம். அப்ப நீ படிக்கிற அதே நேரத்துல ஊரும் இதைப் படிக்கும். நல்லாப் படிக்கட்டும். உன் கிட்ட தனியா சொல்ல வேண்டியதை ரெண்டு வருஷமா சொல்லாம வச்சிருந்தேன், அதுக்குத் தண்டனையா ஊர் முன்னாடியே சொல்லிடறேன். உங்கம்மா எட்டிப் பாத்துட்டு, "லவ் லெட்டர் எழுதறாப்பல இன்னா இவ்ளோ யோசனை"ன்னு கேலி பண்றா. பண்ணட்டும்.

போன வாரம் நீ நேஷனல்ஸ்ல தங்கம் அடிச்சுட்டு ஊருக்கு வந்து எறங்கினியே, அதை நெனச்சா இன்னமும் எனக்குத் தரையில கால் நிக்கல. ஸ்டேஷன்லருந்து ஸ்கெலட்டன் லைன்ல நம்ம வீடு வரைக்கும் தப்பட்டை என்ன, பட்டாசு என்ன, ராபர்ட்சன்பேட்டை கடைக்காரங்க பாதி ஷட்டரை எறக்கிட்டு ஓடி வந்தது என்ன! ரிட்டையர் ஆன பெருசுங்க ஒவ்வொருத்தரும் மெடலை வாங்கிக் கையில வச்சு எடை பாத்தாங்க. இந்த ஊர்லருந்து தங்கம் வெளிய போய்த்தான் எல்லாருக்கும் பழக்கம். உள்ள வந்ததை நான் அன்னிக்குத்தான் பாத்தேன். நானும் வாங்கிப் பாத்தேன். தொழில்காரன் கண்ணு சும்மா இருக்குமா? முலாம் சுமார்தான், ஓரத்துல கொஞ்சம் கம்மியா ஏறியிருக்கு. ஆனா அதைக் கழுத்துல போட்டுக்கினு நீ நின்னியே, அந்த நிப்புக்கு எந்தத் தொட்டியிலயும் முலாம் கெடையாது.

அப்பதான் மைக்குல அந்தத் தம்பி கத்தினான், "தன் மகளின் துப்பாக்கிக்குத் தன் கையாலேயே முலாம் பூசிக் கொடுத்த தந்தை!"ன்னு. எனக்கு ஒரு ஆளுயர மாலை. நீ பக்கத்துல நின்னு கை தட்டின. எனக்கு அந்த மாலை கழுத்துல அரிச்சுது கண்ணு. ரோஜாவுல எறும்புன்னு நெனச்சிருப்ப. எறும்பு இல்ல.

உனக்குத் தெரிஞ்ச கதைதான், மத்தவங்களுக்காகச் சொல்றேன். எங்கப்பா இந்த ஊர் தங்கச் சுரங்கத்துல, நந்திதுர்க் ஷாஃப்ட்ல கீழ எறங்கி வேலை செஞ்சவர். நான் மைன்ஸ் ஒர்க்‌ஷாப்ல ஃபிட்டரா சேந்தேன். மைன்ஸை மூடினதும், இந்த ஊர்ல பாதிப் பேர் செஞ்சதையே நானும் செஞ்சேன். விடியக்காலை ட்ரெயின் புடிச்சு பெங்களூரு, சாயங்காலம் ஆறு மணி வண்டி புடிச்சு வீடு. இருபது வருஷத்துக்கு மேல ஒரே பிளேட்டிங் கம்பெனி, முலாம் போடற எடம். லாரி ஜாக்கி ராடு, பிரிண்டிங் மிஷின் ரோலர், எல்லாத்துக்கும் ஹார்டு குரோம் ஏத்தறது என் வேலை. கம்பெனிக்குப் பின்னாடியே தண்டவாளம். ஆறு மணி வண்டியில எங்க செட்டு நாலு பேர், சீட்டுக்கட்டோட. யார் மொதல்ல ஏறினாலும் மத்த மூணு பேருக்குக் கர்ச்சீப் போட்டு எடம் புடிக்கணும். அஞ்சே கால் ஆச்சுன்னா என் தலை சொல்லாமயே கால் தானா கை கழுவப் போயிடும். அந்த வண்டியை விட்டா, அடுத்தது ரெண்டு மணி நேரம் கழிச்சு, நின்னுகினே வரணும். மழை, பந்த், காய்ச்சல், எதுக்கும் அந்த வண்டியை நான் விட்டதில்ல. அதைப் பெருமையா வேற பேசிக்கினு திரிஞ்சேன், மடையன்.

நீ காலேஜ்ல காக்கி உடுப்பு மாட்டி மொத தடவ ரைபிளைத் தொட்டுட்டு வந்து, "நைனா, எனக்கு இதான்"னு சொன்னப்ப நான் சிரிச்சேன். அப்புறம் லைசன்ஸுக்கு ஒண்ணரை வருஷம் அலைஞ்சோம். ஒரு சீனியர் பொண்ணு விட்டுட்டுப் போன பழைய பாயின்ட் டூ டூ ரைபிள் உன் கைக்கு வந்துச்சு. மார்கழிக் குளிர்ல பெங்களூரு ரேஞ்சுல அதோட போல்ட்டுக்குள்ள, தோட்டாவைத் தள்ளி மூடற தண்டுக்குள்ள, எண்ணெய் கெட்டியாகி, ஃபயரிங் பின் சோம்பேறி மாதிரி நகருதுன்னு சொன்ன. தோட்டாவோட பின்பக்கத்தைத் தட்டிப் பத்த வைக்கிற சின்னக் கம்பிதான் அந்தப் பின். அது ஒரு தரம் வேகமா, ஒரு தரம் மெதுவா போனா, குண்டும் ஒண்ணு மேல ஒண்ணு கீழ விழும். எண்ணெய் அதிகம் போடாம வழுக்கினு ஓடுற மாதிரி ஒரு கோட்டிங் வேணும்னு நீ கேட்ட. ஒரு நோட்டு நெறைய எழுதினு வந்திருந்த. பாஸ்பேட்டு, நிக்கல், டெஃப்லான் கலந்த நிக்கல், வேக்கம் சேம்பர்ல போடற கறுப்புக் கார்பன்.

நான் அந்த நோட்டைத் தொறந்து கூடப் பாக்கல. "இருபது வருஷமா குரோம் போடறவன் வீட்ல பொறந்துட்டு நோட்டுல இன்னாம்மா தேடற? குடு இப்டி"ன்னு பின்னை வாங்கி டிபன் பாக்ஸ்ல போட்டுக்கினு போனேன். அதுதான் என் மொத தப்பு. கேக்க வந்தவ கையில இருந்த கேள்வியைப் பாக்காம, என் கையில இருந்த பதிலைக் குடுத்தேன்.

ரெண்டாவது தப்பு அன்னிக்கு சாயங்காலம். ஸ்டேட் மீட்டுக்கு ரெண்டு நாள் இருந்துச்சு. ஷிஃப்ட் வேலையெல்லாம் முடிச்சு, உன் பின்னைத் தொட்டியில விட்டு எடுத்தப்ப மணி அஞ்சு. கண்ணாடி மாதிரி மின்னுச்சு. இப்ப இங்கதான் எல்லாரும் கவனிக்கணும். ஆசிட் தொட்டியில இருக்கும்போது கெட்டி இரும்புக்குள்ள ஹைட்ரஜன் வாயு பூந்து உக்காந்துக்கும். வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது, பளபளன்னு இருக்கும். உள்ள கண்ணாடிப் பாத்திரம் மாதிரி ஆயிடும், அடி பட்டா விண்டுபோகும். அதை விரட்டணும்னா உடனே எடுத்து ஓவன்ல வச்சு, இருநூறு டிகிரி பக்கத்துல நாலு மணி நேரம் சுடணும். இது எனக்குத் தெரியாதா? கம்பெனியில சேர்ற ஒவ்வொருத்தருக்கும் நான்தான் இதைச் சொல்லிக் குடுப்பேன். அஞ்சு மணிக்கு வச்சா ஒம்பது. எனக்கு ஆறு மணி வண்டி. கர்ச்சீப் போட்டு வச்சிருப்பாங்க.

வந்துட்டேன். நாலு மணி நேரம் சுட வேண்டிய பின்னை, வீட்டுக்கு வந்து உங்கம்மாவோட பணியாரச் சட்டியில போட்டுப் பத்து நிமிஷம் பெரட்டினேன். "இன்னாய்யா பண்ற என் சட்டியில?"ன்னு அவ கேட்டதுக்கு, "பொண்ணு ஜெயிக்கறதுக்குப் பணியாரம் சுடறேன்"னு ஜோக்கு வேற. அவ சிரிச்சா, நானும் சிரிச்சேன்.

ஸ்டேட் மீட்ல நீ முன்னாடி போயிக்கினு இருந்த. முப்பத்தொண்ணாவது குண்டு. நீ டிரிகரை அமுக்கின, சத்தமே வரல. நான் கேலரியில எழுந்து நின்னுட்டேன். நீ போல்ட்டைத் தொறந்து மறுபடி மூடி அமுக்கின, அப்பவும் இல்ல. ஆர்மரர் கிருஷ்ணப்பா, ரேஞ்சுல துப்பாக்கி ரிப்பேர் பாக்கறவரு, வந்து கழட்டினாரு. பின் ரெண்டு துண்டா அவர் உள்ளங்கையில விழுந்துச்சு. வேற பின் போட்டுக் குடுக்கறதுக்குள்ள உன் நேரம் போச்சு, டீம்ல எடம் போச்சு, ஒரு வருஷம் போச்சு. நீ அழல. பெட்டியை மூடிட்டு, "வா நைனா, வண்டி இருக்கு"ன்னு எனக்கு ஞாபகப்படுத்தின.

பங்காருபேட்டை வந்தப்ப கேட்ட, "எப்டி நைனா ஒடஞ்சிது?"ன்னு. அந்த நிமிஷம் நான் ஆம்பளையா இருந்திருக்கணும். இல்ல. "நீ வீட்ல தெனம் தோட்டா இல்லாம காலியா அடிச்சுப் பழகறல்ல, அதுல விண்டிருக்கும்"னேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கின. என் தப்பைத் தூக்கி உன் தலையில வச்சுட்டு, நான் பங்காருபேட்டையில எறங்கி வடை வாங்கினு வந்தேன் பாரு. அந்த வடை வெலைக்குக் கூட நான் தேற மாட்டேன்.

நீ தெனம் சாயங்காலம் சுவத்துல காலண்டரைப் பாத்து வெறும் ரைபிளை அடிச்சுப் பழகுவ. டிக், டிக்குன்னு சத்தம் சமையல்கட்டு வரைக்கும் கேக்கும். அடுப்புல வச்ச பாலுக்கு உங்கம்மா அந்தச் சத்தத்தை வச்சுத்தான் கணக்கு சொல்லுவா. நான் அப்டி சொன்ன நாள்லருந்து அந்தச் சத்தம் நின்னுபோச்சு. கிருஷ்ணப்பா வேற பின் போட்டுக் குடுத்தப்புறமும் நீ பெட்டியைத் தொறக்கல. ஒரு வாரம், பத்து நாள். சொல்லிடலாம்னு வாயெடுப்பேன், ட்ரெயினுக்கு நேரமாயிடும். அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை நீ ரேஞ்சுக்குப் போயிட்டு வந்த. அன்னிக்கு சாயங்காலமே டிக்குன்னு கேட்டுச்சு. "அப்பாடா, பொண்ணு மறந்துட்டா"ன்னு நெனச்சேன். நானும் வசதியா மறந்துட்டேன்.

அடுத்த வருஷ சீசனுக்குப் புதுப் பின் வந்துச்சு. இந்தத் தடவ நீ நோட்டை என் கையில குடுக்கல, எதிர்ல உக்காந்து படிச்சுக் காட்டின. நான் வாயை மூடிக்கினு கேட்டேன். ரெண்டு பேரும் ஒண்ணொண்ணா முடிவு பண்ணோம். போல்ட் உடம்புக்குக் கரண்ட் இல்லாம படியிற நிக்கல், ஏன்னா அது இண்டு இடுக்கெல்லாம் ஒரே கனத்துல ஏறும். டிரிகருக்கு ஒண்ணும் வேணாம், குரோம் எப்பவும் முனையிலதான் கனமா ஏறும், அந்த முனைதான் உன் விரலுக்கு உயிர். ஸ்பிரிங்குக்கும் வேணாம், ஆசிட் வாடையே அது மேல படக்கூடாது. கடைசியா பின். நான் அவசர அவசரமா சொன்னேன், "கறுப்புக் கார்பன் போட்டுடலாம் கண்ணு. ஆசிட் கெடையாது, ஹைட்ரஜன் கெடையாது. தொழில்காரனா சொல்றேன், அதான் பெஸ்ட்டு."

"கார்பன் போடறவங்க மூணு வாரம் ஆவும்னாங்க நைனா. மேட்ச் பத்து நாள்ல கீது."

"அப்ப ஒண்ணும் போடாம வுட்டுடு."

நீ நோட்டை மூடின. "குரோம் போடு. மெல்லிசா, தலைமுடியில இருபதுல ஒரு பங்கு கனம் போதும். நீயே போடு. நானும் கூட வரேன்." நோட்டைப் பையில வச்சுக்கினே சொன்ன, "அன்னிக்கு ஆறு மணி வண்டியை மட்டும் வுட்டுடு."

நான் உன் மூஞ்சியைப் பாத்தேன். ஒண்ணும் தெரியல. நீ குறி பாக்கும்போது வச்சிருக்கிற அதே மூஞ்சி.

அன்னிக்கு மூணரை மணிக்குப் பின் ஓவனுக்குள்ள போச்சு. நீ எதிர்ல ஒரு ஸ்டூலைப் போட்டு உக்காந்துக்கின. அஞ்சே கால் ஆச்சு. என் கால் தானா எழுந்து கை கழுவப் போச்சு. "எங்க நைனா?"ன்ன. "ச்சே, பழக்க தோஷம்"னு திரும்பி வந்து உக்காந்தேன். அஞ்சரைக்கு மறுபடி எழுந்தேன். "ஒக்காரு நைனா!" ரெண்டாவது ஷிஃப்ட் பசங்க சிரிச்சாங்க. தேவராஜ் போன் பண்ணான், எங்க சீட்டு செட்டு. "இன்னா மச்சான், ஒடம்புக்கு எதுனா?"ன்னு பதறிட்டான். நான் வண்டியை விட்டா எனக்கு சாவுதான்னு நெனச்சுட்டானாம். ஆறு மணிக்கு கம்பெனிக்குப் பின்னாடி ஆரன் அடிச்சுக்கினு வண்டி போச்சு. என் எடம் காலியா போவுதேன்னு நெஞ்சு ஒரு தரம் துடிச்சுது. சத்தியமா! நீ பையிலருந்து ஆரஞ்சு எடுத்து உரிச்சு பாதி குடுத்த. ஏழரை வரைக்கும் என்னென்னவோ பேசினோம், அதை மட்டும் நான் பேசல. அப்பவும் பேசல.

மிச்சத்தை ஊர் பாத்துச்சு. ஸ்டேட்ல ஜெயிச்ச, டீம்ல ஏறின, நேஷனல்ஸ்ல அறுபது குண்டு, ஒண்ணு கூட அடம் புடிக்கல. கடைசிக் குண்டு போனதும் போர்டுல உன் பேர் மேல ஏறுச்சு பாரு, நான் போட்ட சத்தத்துக்கு ரெண்டு வாட்ச்மேன் ஓடி வந்தாங்க. வெளியில தள்ளிடுவாங்கன்னு பாத்தா, ஒருத்தர் கட்டிப் புடிச்சுக்கினாரு.

அந்தக் கூட்டத்துலதான் கிருஷ்ணப்பா வந்து என் கையைப் புடிச்சாரு. அவர் தமிழ் பாதி, கன்னடம் பாதி. "சார், இந்த வாட்டி கோட்டிங் சூப்பர் சார். போன வாட்டிதான் உங்க பொண்ணு தப்பு மாடிபிட்டா. ஒடஞ்ச பீஸை லென்ஸ்ல பாத்தே கேட்டேன், இதை சுடவே இல்லையேன்னு. அதுக்கு அவ, ஆமா அங்கிள், நைனா சுடணும்னுதான் சொன்னாரு, நான்தான் அவசரப்பட்டுப் புடுங்கினு வந்துட்டேன்னு சொன்னா. சின்னப் பொண்ணு, ஹோக்லி பிடி, போவட்டும் விடுங்க"ன்னாரு.

அவ இதை உங்ககிட்ட சொன்னது எப்பன்னு கேட்டேன். ஸ்டேட் மீட் முடிஞ்சு ரெண்டாவது ஞாயித்துக்கிழமையாம்.

அந்த டிக் சத்தம் திரும்பக் கேட்ட ஞாயித்துக்கிழமை கண்ணு. நீ மறக்கல. உனக்குத் தெரிஞ்சுபோச்சு. உன் மேல தப்பில்லன்னு தெரிஞ்ச அன்னிக்கே நீ பெட்டியைத் தொறந்துட்ட. யார் மேல தப்புன்னு தெரிஞ்சும், வெளி ஆளு முன்னாடி அதை உன் மேல எழுதிக்கின. நான் உன் மேல பொய்யா போட்ட பழியை, எனக்காக நீ நெஜமா தூக்கிக்கின. அப்புறம் ஒரு வருஷம் கழிச்சு, அதே கையில புதுப் பின்னைக் குடுத்து, நீயே போடுன்ன. கூட்டத்துக்கு நடுவுல நான் குலுங்கிக் குலுங்கி அழுததைப் பாத்துட்டு டிவிக்காரப் பொண்ணு, "சந்தோஷமா சார்?"னு மைக்கை நீட்டுச்சு. ஆமாம்மான்னு தலையாட்டினேன். அதுவும் பொய்யில்ல. அவ்ளோ சந்தோஷத்தையும் அவ்ளோ வெக்கத்தையும் ஒரே நேரத்துல நான் பட்டதே இல்ல.

அதனால ஊர்ல இருக்கிற எல்லாருக்கும், முக்கியமா ஆர்மரர் கிருஷ்ணப்பாவுக்கும் எழுதிக் குடுக்கறேன். அந்தப் பின்னை சுடாம எடுத்துக்கினு வந்தது நான். ஆறு மணி வண்டிக்காக. என் பொண்ணு புடுங்கினு வரல. காலியா அடிச்சதால ஒடையல. அவ மேல ஒரு புள்ளி தப்பு கெடையாது. சார், உங்க நோட்டுல அவ பேருக்கு எதிர்ல எதுனா குறிச்சு வச்சிருந்தா, அடிச்சுட்டு என் பேரை எழுதிக்கங்க. போட்ட மாலையைத் திருப்பிக் கேட்டாலும் தரேன், காஞ்சுபோய் ஆணியில தொங்குது.

உனக்கு நான் புத்தி சொல்ற எடத்துல இல்ல. ஆனா அப்பன்காரன் லெட்டர்ல ஒண்ணாவது இருக்கணுமாமே. கேம்புல உனக்கு மேல பெரிய பெரிய கோச்சு, பெரிய பெரிய ஆளுங்க இருப்பாங்க. யாராவது பளபளன்னு ஒண்ணைக் கையில குடுத்து, எல்லாம் சரியா இருக்கு போன்னு சொன்னா, என்னைக் கேட்ட மாதிரி கேளு. சுட்டீங்களா, எவ்ளோ நேரம் சுட்டீங்கன்னு கேளு. கேட்டா கோவிச்சுக்கறவங்க கிட்ட பின்னைக் குடுக்காதே. தப்பு உன்னுதுன்னா ஒத்துக்க, அடுத்தவங்களுதைத் தூக்கி சொமக்காதே. அது எவ்ளோ பெரிய மனசுன்னு எனக்குத் தெரியும், அதைத் தாங்கற வயசு எனக்கில்ல.

ரைபிள் பெட்டியில, கிளீனிங் துணிக்குக் கீழ, ஒரு சின்ன டப்பா வச்சிருக்கேன். ஸ்பேர் பின். அதே கனம், அதே மெல்லிசு. நேத்துப் போட்டேன். தேவராஜுக்குக் காலையிலயே சொல்லிட்டேன், எனக்குக் கர்ச்சீப் போடாதேன்னு. நாலு மணி நேரம் சுட்டா போதும், நான் அஞ்சு மணி நேரம் வச்சேன். ஓவன் எதிர்ல அதே ஸ்டூல்ல உக்காந்து ஆரஞ்சு உரிச்சேன். அஞ்சே கால் ஆச்சு, கால் அசையல. ஆறு மணி வண்டி ஆரன் அடிச்சுக்கினு பின்னாடி போச்சு. போவட்டும்னு உக்காந்திருந்தேன்.

உன்
நைனா